கட்டாத தவணையா, தவறான பதிவா: கல்விக் கடனும் சிபில் திருத்தமும்

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் மாமா, 2024 அக்டோபரில் புது மெஷினுக்குக் கடன் கேட்டுப் போனார். "சிபில் சரியில்லை சார்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வாழ்நாளில் ஒரு தவணை தவறாதவர் அவர். நம் கடன்களையும் அவற்றைக் கட்டிய வரலாற்றையும் காட்டும் அந்தச் சிபில் ரிப்போர்ட்டை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் விரித்துப் பார்த்தோம். பட்டறைக் கடன், வண்டிக் கடன் எல்லாம் சுத்தம். மகளின் கல்விக் கடனில் மட்டும் மாதவாரியாகக் கட்டம் கட்டமாக 025, 056, 087, 117 என்று இருந்தது.

மகளின் கடன் அப்பாவின் சிபிலில் எப்படி வந்தது? கல்விக் கடனில் பெற்றோரும் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போடுகிறார்கள். அதனால் தாமதம் என்று பதிவானால் பிள்ளை பெயரிலும் பெற்றோர் பெயரிலும் சேர்ந்தே பதிவாகும். கையெழுத்துப் போடும்போது இதை யாரும் நிறுத்தி நிதானமாகச் சொல்வதில்லை.

அந்த எண்கள் என்னவென்று முதலில் பார்ப்போம். தவணை நாள் தாண்டி எத்தனை நாள் ஆகிறது என்பதே அது, டிபிடி என்பார்கள். 000 என்றால் நிலுவை இல்லை. 90 நாளைத் தாண்டினால் வங்கி அதை வாராக் கடனாக வகைப்படுத்தும். ரிப்போர்ட்டில் கடைசி 36 மாதங்கள் தெரியும். அந்த வரலாற்றுக்குத் தரும் மதிப்பெண்ணான ஸ்கோர் எவ்வளவு என்று பார்த்துக் கவலைப்படுவதைவிட இந்தக் கட்டங்களைப் பாருங்கள். தப்பு இருந்தால் எந்த மாதத்தில் தொடங்கியது என்பதை அவைதான் காட்டும்.

மாமா வீட்டில் தொடங்கிய மாதம் 2024 ஜூன். அதை வைத்துத்தான் முடிச்சு அவிழ்ந்தது. பெண் 2020-ல் சேர்ந்தது ஐந்து வருட ஒருங்கிணைந்த எம்.எஸ்சி. வங்கியின் கணினியில் மூன்று வருடப் படிப்பு என்று ஏறியிருந்தது. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி, படிக்கும் காலமும் அதற்குப் பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டியதில்லை. மூன்று வருடக் கணக்கில் அந்த அவகாசம் 2024 மே மாதத்தோடு முடிந்து, ஜூன் 5-ல் முதல் தவணை விழுந்துவிட்டது. அவள் அப்போது நான்காம் வருடத்தைத்தான் முடித்திருந்தாள். தவணை பற்றிய எஸ்எம்எஸ் எல்லாம் அவள் எப்போதோ விட்டுவிட்ட பழைய நம்பருக்குப் போய்க்கொண்டிருந்தன.

இதே போல வேறு குளறுபடிகளும் நடக்கும். கட்டிய பணம் வேறு கணக்கில் வரவாகியிருக்கும். வங்கிகள் இணைந்து கணக்கு எண் மாறியதில் ஒரே கடன் இரண்டாகத் தெரியும். முழுதாக அடைத்த கடன் "செட்டில்டு" என்று நிற்கும். செட்டில்டு என்றால் வங்கி ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து முடித்தது என்று பொருள். முழுதும் கட்டியவர் அதை ஒருபோதும் ஏற்கக் கூடாது, "குளோஸ்டு" என்றுதான் இருக்க வேண்டும்.

சரி, எப்படித் திருத்துவது? நாம் பொதுவாகச் சிபில் என்று சொன்னாலும், இந்தியாவில் கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க். நான்குக்கும் வங்கி தகவல் அனுப்புகிறது. ஒரு தப்பு நான்கு இடத்திலும் இருக்கலாம். 2017 முதல், ஒவ்வொரு நிறுவனமும் காலண்டர் வருடத்துக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. அவர்கள் இணையதளத்திலேயே எடுக்கலாம். திருத்தம் கோருவதற்கும் கட்டணம் கிடையாது. எந்தக் கணக்கு, எந்தத் தகவல் தப்பு என்று குறித்து அனுப்பினால் ஒரு புகார் எண் வரும். அதைப் பத்திரப்படுத்துங்கள்.

ஆனால் ஒன்று: கடன் தகவல் நிறுவனம் தானாக எதையும் மாற்றாது. வங்கியைக் கேட்கும், வங்கி ஒப்புக்கொண்டால்தான் மாற்றும். அதனால் அதே நாளில் வங்கிக்கும் எழுத்தில் கொடுங்கள். கிளை மேனேஜரிடம் வாயால் சொல்லிவிட்டு வருவது எந்தக் கணக்கிலும் வராது. எங்களுக்கு முதலில் கிடைத்த பதிலே "சிஸ்டத்துல இருக்கிறதுதான் வரும்" என்பதுதான். அப்புறம் மாமா இப்படி எழுதிக் கொடுத்தார்: "2024 ஜூன் முதல் செப்டம்பர் வரை தாமதம் என்று காட்டப்பட்டுள்ளது. படிப்பு 2025 மே மாதம்தான் முடிகிறது. கடன் அனுமதிக் கடிதமும் கல்லூரியின் போனஃபைட் சான்றிதழும் இணைத்துள்ளேன். படிப்பு முடியும் தேதியைத் திருத்தி, நான்கு மாதப் பதிவையும் நான்கு நிறுவனங்களிலும் சரிசெய்யக் கோருகிறேன்." அவ்வளவுதான். கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. நகலில் தேதியோடு சீல் வாங்கிக்கொண்டார். பணம் கட்டியும் தாமதம் காட்டுகிறதென்றால் அக்கவுண்ட் ஸ்டேட்மென்டில் அந்த வரியை அடிக்கோடிட்டு இணையுங்கள்.

இதில் பலருக்குத் தெரியாத உரிமை ஒன்று உண்டு. புகார் கொடுத்து 30 நாளுக்குள் முடிவு தர வேண்டும். தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு. 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி போட்ட இந்த விதி 2024 ஏப்ரல் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. வங்கி 21 நாளுக்குள் திருத்திய தகவலை அனுப்பவில்லை என்றால் வங்கி தர வேண்டும். வங்கி அனுப்பியும் தாமதமானால் கடன் தகவல் நிறுவனம் தர வேண்டும். புகார் முடிந்த ஐந்து வேலை நாளுக்குள் பணம் கணக்கில் ஏற வேண்டும். அதனால் புகாரிலேயே வங்கிக் கணக்கு எண்ணோ யூபிஐ ஐடியோ கொடுத்துவிடுங்கள். திருத்த மறுத்தால் காரணம் சொல்ல வேண்டியதும் அவர்கள் கடமை. ஸ்கோரை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்பது போன்ற சில தகராறுகளுக்கு இந்த இழப்பீடு பொருந்தாது.

30 நாளாகியும் பதில் இல்லை, அல்லது வந்த பதில் நியாயமாக இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2022 செப்டம்பர் முதல் கடன் தகவல் நிறுவனங்களும் குறைதீர்ப்பாளர் திட்டத்துக்குள் வந்துவிட்டன. சென்னை ராஜாஜி சாலையிலுள்ள ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்கு அலைய வேண்டாம்; புகார்களுக்கான அதன் சிஎம்எஸ் இணையதளத்தில் செலவில்லாமல் பதியலாம், சந்தேகம் கேட்க 14448. வங்கிக்குக் கொடுத்த புகாரின் நகல் கையில் இருக்க வேண்டும், அது இல்லாமல் நேராக அங்கே போனால் திருப்பிவிடுவார்கள். நாள் கடத்தவும் வேண்டாம்.

உண்மையிலேயே தவணை தவறியிருந்தால் அந்தப் பதிவை அழிக்க வழியில்லை. "5,000 கொடுங்கள், சிபிலைக் கிளீன் பண்ணித் தருகிறோம்" என்பவர்களிடம் தயவுசெய்து ஏமாறாதீர்கள். நிலுவையைக் கட்டிவிட்டு, கட்டியது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். வங்கிகள் மாதம் ஒருமுறை என்பதை விட்டு, பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது தகவல் அனுப்ப வேண்டும் என்ற விதி 2025 ஜனவரியில் வந்தது.

வங்கிப் பரீட்சை எழுதும் பிள்ளைகள் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். நல்ல கடன் வரலாறு வேண்டும் என்று அந்தப் பரீட்சையை நடத்தும் ஐபிபிஎஸ் அறிவிப்பிலேயே இருக்கிறது. சிபில் சரியில்லை என்று பாரத ஸ்டேட் வங்கி ஒருவரின் நியமனத்தை ரத்து செய்தது சரியே என்று 2025-ல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பரீட்சைக்கு விண்ணப்பிக்கும்போதே ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள்; வேலை கிடைத்த பிறகு ஓடினால் நாள் போதாது.

மாமாவுக்கு 19-ஆம் நாள் வங்கியிலிருந்து திருத்தியதாகக் கடிதம் வந்தது. மூன்று ரிப்போர்ட்டில் 000 ஆகிவிட்டது. நான்காவதில் 117 அப்படியே இருந்தது. அந்தக் கடிதத்தையே இணைத்து அங்கே தனியாக மறுபடி புகார் போட்டோம், அதுவும் மாறியது. மகளின் புது நம்பரையும் வங்கியில் ஏற்றினோம். தாமதம் என்று வங்கி தகவல் அனுப்பும்போது கடன் வாங்கியவருக்கு எஸ்எம்எஸ்ஸோ இமெயிலோ வர வேண்டும் என்பதும் இப்போது விதி.