கோட்டு (நீதிமன்ற) எல்லை மாறினால் நமக்கு என்ன மாறும்?

நுவரெலியா மாவட்டத்தில் ஐந்தாக இருந்த பிரதேச செயலகங்களைப் பத்தாக்க 2019இல் வர்த்தமானி வந்தது. அப்போது எங்கள் லயத்து அக்கா ஒருவர் கேட்டார், "நோர்வூட் தனிப் பிரதேசம் ஆயிருச்சே, இனி கோட்டுக்கு ஹட்டன் போக வேணாம்தானே?" போகத்தான் வேண்டும் அக்கா. செயலக எல்லை வேறு, கோட்டு எல்லை வேறு. ஒன்றை வெட்டினால் மற்றது தானாக வெட்டுப்படாது.

கோட்டு எல்லையைத் தீர்மானிப்பது 1978ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க நீதித்துறைச் சட்டம். அதன்படி நாடு மூன்று விதமாகப் பிரிக்கப்படுகிறது: மேல் நீதிமன்றத்துக்கு வலயம், மாவட்ட நீதிமன்றத்துக்கு நீதி மாவட்டம், நீதவான் நீதிமன்றத்துக்கு நீதிப் பிரிவு. (நீதி மாவட்டம் என்றால் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், இருக்கிற நிர்வாக மாவட்டம் இல்லை. இந்தப் பெயர்க் குழப்பத்தில்தான் பாதிப் பேர் தடுமாறுகிறார்கள்.) பிரதம நீதியரசரையும் மேன்முறையீட்டு நீதிமன்றத் தலைவரையும் கலந்தாலோசித்து, நீதி அமைச்சர் கட்டளை போட்டு வர்த்தமானியில் வெளியிட்டால்தான் எல்லை மாறும். மேடையில் யாராவது "உங்கள் ஊருக்குக் கோடு வருகிறது" என்று சொன்னால் கைதட்டுங்கள், ஆனால் வர்த்தமானி வரும்வரை பழைய கோடுதான்.

இதில் நமக்கு என்ன என்றால், தூரம்தான். பொகவந்தலாவை மேல் மலையிலிருந்து ஹட்டனுக்கு ஒரு வழக்குத் தவணைக்குப் போகிறவர் இருட்டோடு எழும்பி, நோர்வூட், டிக்கோயா என்று பஸ்ஸில் இறங்கி வந்து, பெயர் கூப்பிடும்வரை வாசலில் நின்று, கடைசியில் அடுத்த தவணைத் தேதியை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்புவார். அன்றைக்குத் தோட்டத்தில் பேர் விழாது, அதாவது நாள் சம்பளம் போய்விடும், பஸ் காசும் சாப்பாட்டுக் காசும் வேறு. எல்லையைப் பிரித்து பக்கத்தில் ஒரு கோடு வைப்பதன் அருமை அந்த ஒரு நாள் பேரில் தெரியும்.

சரி, உங்கள் கோடு எது? சுலபமான வழி, உங்கள் பொலிஸ் நிலையம் எந்த நீதவானிடம் வழக்குகளைக் கொண்டுபோகிறது என்று கேட்பது. சிவில் வழக்கு என்றால் எதிராளி குடியிருக்கும் இடம், காணி இருக்கும் இடம், பிரச்சினை நடந்த இடம், ஒப்பந்தம் செய்த இடம், இவற்றில் ஒன்று அந்தக் கோட்டு எல்லைக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் வழக்கு மனுவைத் திருப்பிக் கொடுத்து, சரியான கோட்டில் போடச் சொல்வார்கள். வீட்டு வன்முறைக்குப் பாதுகாப்புக் கட்டளை கேட்கிற பெண் தான் இருக்கும் இடத்து நீதவானிடமே போகலாம், கணவன் ஊரைத் தேடி அலைய வேண்டாம்.

நடந்துகொண்டிருக்கிற வழக்கு இருந்தால், எல்லை மாறியதாகக் கேள்விப்பட்டதும் நீங்களாகவே புதுக் கோட்டுக்குப் போய்விடாதீர்கள். அழைப்பாணையில் எந்தக் கோடு இருக்கிறதோ அங்கேதான் அந்தத் தவணைக்கு ஆஜராக வேண்டும், மாறிப் போனால் பிடியாணை வரலாம். வழக்கு இலக்கத்தை எடுத்துக்கொண்டு பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள். அப்புறம் ஒன்று, எந்தக் கோடாக இருந்தாலும் தமிழில் மனுப் போடவும், விளங்காததை மொழிபெயர்த்துத் தரச் சொல்லவும் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. மொழிபெயர்ப்புக்கு நீங்கள் காசு கொடுக்கத் தேவையில்லை.