வெறும் வயிற்றில் நார்மல் என்று நிம்மதி அடையாதீர்கள்

வெறும் வயிற்றுச் சர்க்கரை 94. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 178. இப்படி ஒரு ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "வெறும் வயிற்றில் நார்மல்தானே டாக்டர், சாப்பிட்டா எல்லாருக்கும் ஏறத்தானே செய்யும்?" என்று கேட்பவர்கள் வாரம் தவறாமல் வருகிறார்கள். மருந்து எதுவும் எழுதவில்லை என்றால் இன்னும் நிம்மதி. ரிப்போர்ட் அலமாரிக்குள் போய்விடும். சில வருடங்கள் கழித்து ஆறாத கால் புண்ணோடு வரும்போதும் அதே ரிப்போர்ட் ஃபைலில் பத்திரமாக இருக்கும்.

சாப்பிட்டால் எல்லோருக்கும் ஏறும், உண்மைதான். ஆரோக்கியமானவருக்கும் சாப்பிட்ட 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் சர்க்கரை உச்சத்துக்குப் போகும். சில நாள் 150, 160-ஐக்கூடத் தொடும். ஆனால் இரண்டு மணி நேரத்துக்குள் 140-க்குக் கீழே இறங்கிவிடும். பார்க்க வேண்டியது அந்த இறக்கத்தை.

வெறும் வயிற்று அளவும் சாப்பிட்ட பின் அளவும் கணையத்தின் இரண்டு வேறு வேலைகளைக் காட்டுகின்றன. இரவு முழுக்கக் கல்லீரல் விட்டுக்கொண்டிருக்கும் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க, கொஞ்சம் கொஞ்சமாகச் சுரக்கும் இன்சுலின் போதும். சாதம் உள்ளே போனதும் நிலைமை வேறு: சில நிமிடங்களில் கணையம் பெரிய அளவில் இன்சுலினை ஒரே மூச்சில் வெளியே விட வேண்டும். நம் ஊரில் பலருக்கு முதலில் தளர்வது இந்த வேகம்தான். அது தளர்ந்த பிறகும் இரவு வேலை பல வருடம் ஒழுங்காக நடக்கும். ஆகவே மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் வெறும் வயிற்று அளவை மட்டும் வருடா வருடம் பார்த்து, "எனக்குச் சுகர் இல்லை" என்று சொல்லிக்கொள்பவர் பாதிப் பரிசோதனைதான் செய்திருக்கிறார். 94 நார்மல் என்பதால் 178 நார்மல் ஆகிவிடாது.

முடிவு செய்ய உதவும் பரிசோதனை 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்வது. இரண்டாவது மணி நேரத்தில் 140-க்குக் கீழே இருந்தால் நார்மல். 140 முதல் 199 வரை முன்நீரிழிவு. 200-ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். அறிகுறி இல்லாதவருக்கு இன்னொரு பரிசோதனையிலும் அது உறுதியாக வேண்டும். வீட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் 178 ஒரு சந்தேகத்தைக் கிளப்புகிறது, அவ்வளவே. அதை வைத்து நோய் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

இந்தப் பரிசோதனையையும் கெடுத்துவிடுகிறார்கள். உடல் இளைக்க அரிசியை அறவே நிறுத்தியவர் திடீரென்று 75 கிராம் குளுக்கோஸ் குடித்தால், நோய் இல்லாமலே அளவு எகிறும். முந்தைய மூன்று நாளும் வழக்கம்போல் சாதம், இட்லி சாப்பிடுங்கள். நாளுக்கு 150 கிராம் மாவுச்சத்தாவது சேர வேண்டும். இரவு எட்டு மணி நேரப் பட்டினி. குளுக்கோஸ் தண்ணீரை ஐந்து நிமிடத்துக்குள் குடித்துவிட்டு, இரண்டு மணி நேரமும் உட்கார்ந்தே இருங்கள். வாசலில் போய் நடப்பது, டீ, சிகரெட் எதுவும் கூடாது. காய்ச்சல் சமயத்தில் செய்யாதீர்கள். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள்; அது வெறும் வயிற்று அளவை விட்டுவிட்டு மதியத்துக்கு மேல் உள்ள அளவைத்தான் அதிகம் ஏற்றும்.

சாதாரண 'சாப்பிட்ட பின்' பரிசோதனைக்கு வருபவர்களுக்கு ஒன்று. அன்று மட்டும் இரண்டு இட்லி, சர்க்கரை போடாத காபி என்று சாப்பிட்டுவிட்டு வராதீர்கள். தினமும் சாப்பிடுவதையே சாப்பிடுங்கள். இரண்டு மணி நேரத்தை முதல் வாய் வைத்த நிமிடத்திலிருந்து கணக்கிடுங்கள், கை கழுவியதிலிருந்து அல்ல.

எதிர்ப்பக்கமும் ஒரு கூட்டம் இருக்கிறது. சர்க்கரை நோய் இல்லாமலே, நாள் முழுக்கச் சர்க்கரையை அளக்கும் சென்சாரைக் கையில் ஒட்டிக்கொண்டு, 152 என்று ஒரு கோடு ஏறியதும் பதறி வருகிறார்கள். சென்சார் ரத்தத்தை அளப்பதில்லை. தோலுக்கடியில் உள்ள திரவத்தை, சில நிமிடத் தாமதத்தோடு அளக்கிறது. அந்தக் கை மேல் படுத்துத் தூங்கினாலே பொய்யாகக் குறைத்துக் காட்டும். வீட்டுக் குளுக்கோமீட்டரிலும் 100-க்கு மேல் 15 சதவீதம் முன்பின் வருவது தர விதிப்படியே அனுமதிக்கப்பட்டது. தவிர, சாப்பிட்ட பிறகு விரல் நுனி ரத்தத்தில் சர்க்கரை, நரம்பில் எடுக்கும் ரத்தத்தைவிட அதிகமாகவே இருக்கும். வாழைப்பழம் உரித்த கையோடு குத்தினால் அந்தப் பழத்தின் சர்க்கரையும் சேர்ந்து வரும். ஸ்பிரிட் பஞ்சு போதாது, சோப்புத் தண்ணீரில் கழுவித் துடையுங்கள். ஒற்றை எண்ணைப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்காரரின் மெட்ஃபார்மின் சர்க்கரை மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

மூன்று மாத சராசரியான ஹெச்பிஏ1சி 5.7 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலும் சாப்பிட்ட பின் ஏற்றம் அதற்குள் மறைந்திருக்கலாம். இரும்புச்சத்துக் குறைவான ரத்தசோகையில் அதுவே பொய்யாக அதிகமாகக் காட்டலாம். நம் பெண்களின் ரிப்போர்ட்டை ஹீமோகுளோபினைப் பார்க்காமல் படிக்கவே கூடாது.

சரி, 140-க்கும் 199-க்கும் நடுவில் வந்துவிட்டது. சென்னையில் இதே நிலையில் இருந்த 531 பேரை வைத்து நடந்த ஆய்வு 2006-ல் வெளியானது. பொதுவான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் மூன்று ஆண்டுகளில் 55 சதவீதம் பேர் சர்க்கரை நோயாளிகள் ஆனார்கள். உணவையும் நடையையும் மாற்றியவர்களில் அது சுமார் 39 சதவீதம். மெட்ஃபார்மின் எடுத்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே பலன்தான். இரண்டையும் சேர்த்ததில் கூடுதல் லாபம் கிடைக்கவில்லை. 178-ஐ அலமாரியில் வைக்காதீர்கள் என்று கெஞ்சுவது இதற்காகத்தான்.

மாற்ற வேண்டியது முதலில் அளவு. 100 கிராம் சாதத்தில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. சாம்பாருக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று மூன்று முறை போட்டுக்கொண்டால் 300 கிராம் சுலபமாகத் தாண்டும். அதில் 84 கிராம் மாவுச்சத்து; பரிசோதனைக்குக் குடிக்கும் 75 கிராம் குளுக்கோஸைவிட அதிகம் அது, மதியத்தில் மட்டும்! ஒரு முறை சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். பிறகு 150 கிராமுக்குள் கொண்டுவாருங்கள். குறைத்த இடத்தில் கீரை, பொரியல், சுண்டல், முட்டை, மீன். அவற்றை முதலில் சாப்பிட்டுவிட்டுக் கடைசியில் சாதத்துக்கு வாருங்கள். இந்த வரிசை மாற்றமே ஏற்றத்தைக் கண்கூடாகக் குறைக்கும். உருளைக்கிழங்கு காய்கறிக் கணக்கில் வராது.

சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் 15 நிமிடம் நடங்கள். அசையும் தசை இன்சுலினுக்குக் காத்திருக்காமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அதே தோசையை இரவு பத்து மணிக்குச் சாப்பிட்டால் இன்னும் அதிகம் ஏற்றும். எட்டு மணிக்குள் முடியுங்கள்.

நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாமே ரத்தத்துக்குச் சர்க்கரைதான். மாவாக அரைத்துக் காய்ச்சிய கேழ்வரகுக் கஞ்சியும் வேகமாக ஏற்றும். சத்துமாவுக் கஞ்சியைக் 'சுகருக்கு நல்லது' என்று டம்ளர் டம்ளராகக் குடிப்பதை நிறுத்துங்கள்.

எடை தானாகக் குறைகிறது, தாகம், அடிக்கடி சிறுநீர் என்றால் இதில் எதையும் முயன்று பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றே மருத்துவரிடம் போங்கள்.

கர்ப்பிணிகளுக்குக் கணக்கு வேறு. முதல் வருகையிலும் 24 முதல் 28 வாரத்துக்குள்ளும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்துப் பார்க்கிறோம், சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை. இரண்டு மணி நேரத்தில் 140-ம் அதற்கு மேலும் வந்தால் கர்ப்பகால நீரிழிவு. பிரசவத்துக்குப் பிறகு நார்மல் ஆகிவிட்டது என்று பெரும்பாலோர் திரும்பிப் பார்ப்பதே இல்லை. தயவுசெய்து ஆறாவது வாரம் குழந்தையைத் தடுப்பூசிக்குக் கொண்டுவரும் அன்றே, காலையில் சாப்பிடாமல் வந்து, உங்களுக்கும் அந்த 75 கிராம் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள்.