‘சின்ன நாய்தானே’ என்று வாங்கியவர்களுக்கு

போன வருடம் ஆடி மாதத்தில் ஒரு குடும்பம் என் கிளினிக்குக்கு வந்தது. அப்பா, அம்மா, 10 வயதுப் பையன், பாட்டி, அப்புறம் பாட்டியின் புடவைத் தலைப்பைக் கவ்விக்கொண்டு ஒரு ஜாக் ரஸ்ஸல் டெரியர். 13 மாத ஆண், எடை 7 கிலோ.

“டாக்டரம்மா, இது நாயா பேயான்னே தெரியல. துடைப்பத்தை எடுத்தா துடைப்பத்தைக் கடிக்குது, கீழ வெச்சா என் காலைக் கடிக்குது” என்றார் பாட்டி. பால்கனியில் துளசித் தொட்டியை மூன்று முறை தோண்டிப் போட்டிருக்கிறான். யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று கேட்கத்தான் வந்திருந்தார்கள். எதற்காக இந்த இனத்தை வாங்கினீர்கள் என்றேன். “சின்ன நாய்தானே, ஃப்ளாட்டுக்குச் சரியாக இருக்கும் என்று நினைத்தோம்” என்றார் அப்பா.

இந்தச் ‘சின்ன நாய்தானே’யை நான் வாரம் ஒருமுறையாவது கேட்கிறேன். டெரியர் என்ற பெயரே மண்ணைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. வளைக்குள் புகுந்து நரியை வெளியே விரட்டுவதற்காக வளர்த்த நாய்கள் இவை. இங்கிலாந்தின் டெவன் பகுதிப் பாதிரியார் ஜான் ரஸ்ஸல், ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த 1819இல் ஒரு பால்காரரிடம் வாங்கிய ‘ட்ரம்ப்’ என்ற பெட்டை நாயிலிருந்து இந்த வம்சம் தொடங்கியதாகச் சொல்வார்கள். உருவம் சிறிதாக இருப்பது வளைக்குள் நுழைவதற்காக, மடியில் உட்காருவதற்காக இல்லை. தோண்டுவது, குரைப்பது, ஓடுவதைத் துரத்துவது மூன்றும் அதன் வேலை. துடைப்பமும் புடவை ஓரமும் அதன் கண்ணுக்கு ஓடுகிற இரைதான். (பழைய எச்.எம்.வி. இசைத்தட்டில் கிராமபோன் குழாய்க்கு முன்னால் தலை சாய்த்து உட்கார்ந்திருக்கும் நிப்பரும் டெரியர் கலப்புதான். அந்தப் படத்தைப் பார்த்து டெரியர் என்றால் சாது என்று யாரும் நம்பிவிட வேண்டாம்.)

நாள் முழுக்க என்ன செய்கிறான் என்று விசாரித்தேன். காலையில் மொட்டைமாடியில் 10 நிமிடம், சாயங்காலம் 10 நிமிடம், மீதி நேரம் சோபா. ஆரோக்கியமான ஜாக் ரஸ்ஸலுக்கு நாளுக்கு ஒரு மணி நேர ஓட்டமும் விளையாட்டுமாவது வேண்டும். நம் ஊர் வெயிலில் அதைக் காலை ஆறரைக்குள்ளும் பொழுது சாய்ந்த பிறகும் பிரித்துக்கொள்ளுங்கள். புறங்கையைத் தார்ச்சாலையில் ஐந்து விநாடி வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது.

ஆனால் ஓட்டத்தைவிட மூக்குக்கு வேலை கொடுப்பதுதான் இவனைக் களைக்க வைக்கும். பழைய லுங்கியில் சாப்பாட்டைப் பரப்பிச் சுருட்டி முடிச்சுப் போட்டுக் கொடுங்கள். அவிழ்க்க கால் மணி நேரம் ஆகும். தோண்டாதே என்று சொல்லிப் பயனில்லை. ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பில் மணலை நிரப்பி அதற்குள் பொம்மையைப் புதைத்து, “இங்கே தோண்டு” என்று இடம் காட்டுங்கள். துளசி பிழைத்துக்கொள்ளும்.

பயிற்சியில் நான் பார்க்கும் பெரிய குழப்பம் மொழிதான். அப்பா “சிட்” என்கிறார், பாட்டி “உட்காரு” என்கிறார், பையன் “டவுன்” என்கிறான். நாய் யார் பேச்சைக் கேட்கும்? எல்லாரும் ஒரே சொல்லைச் சொல்லுங்கள், அது தமிழாகவே இருக்கட்டும். சொன்னதைச் செய்த ஓரிரு விநாடிக்குள் பரிசு போய்ச் சேர வேண்டும். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு தடவை போதும். “வா” என்று கூப்பிட்டுவிட்டு ஒருபோதும் திட்டாதீர்கள், அடுத்த முறை வராது. செருப்பால் அடித்துப் பழக்கிய டெரியர்களையும் பார்த்திருக்கிறேன். அவை குரைத்து எச்சரிப்பதை விட்டுவிட்டு நேராகக் கடிக்கின்றன.

குட்டியாக வாங்குகிறவர்கள் முதல் மூன்று, மூன்றரை மாதங்களை வீணாக்காதீர்கள். குக்கர் விசில், மிக்ஸி, காலிங் பெல், குழந்தைகள், ஹெல்மெட் போட்ட ஆள் எல்லாம் அந்த வயதில்தான் பழக வேண்டும். தடுப்பூசி முடியாத குட்டியைத் தரையில் விடாமல் கையில் தூக்கிக்கொண்டு தெருவைக் காட்டலாம். குழந்தைகளுக்கும் பயிற்சி உண்டு: சாப்பிடும்போதும் தூங்கும்போதும் தொடக் கூடாது. வாலை இழுத்தால் பொறுத்துக்கொள்ளும் இனம் இது இல்லை. பல் பட்டுவிட்டால், வீட்டு நாய்தானே என்று மஞ்சள் வைத்துக் கட்டாமல், ஓடும் நீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

மழைக்காலத்தில் டெரியர் வீட்டாரிடமிருந்து எனக்கு இரவு அழைப்புகள் கூடும். முதல் காரணம் தேரை. கவ்வினால் அதன் கண்ணுக்குப் பின்னாலுள்ள சுரப்பியிலிருந்து பால் போன்ற விஷம் வாயில் இறங்கி, நுரை தள்ளும். தலையைத் தாழ்த்திப் பிடித்து, தொண்டைக்குள் போகாதபடி, பக்கவாட்டிலிருந்து தண்ணீர் விட்டு வாயைக் கழுவுங்கள். அப்புறம் உடனே கிளம்புங்கள். இரண்டாவது எலி. எலி மூத்திரத்தால் லெப்டோ காய்ச்சல் வரும், ஆகவே போடும் தடுப்பூசியில் லெப்டோ சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு வருடா வருடம் போடுங்கள். எலி பேஸ்டும் எலி மருந்துக் கட்டியும் இதைவிட மோசம். ரத்தம் உறையாமல் செய்யும் வகையைத் தின்றால் இரண்டு மூன்று நாளுக்கு ஒன்றுமே தெரியாது, பிறகு ஈறில் ரத்தம் கசியும். தின்றது தெரிந்தால் உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள், மருந்து அட்டையோடு வாருங்கள். தோட்டம் உள்ள வீடுகளில் பாம்பும் உண்டு. டெரியர் பாம்பைக் கண்டு ஒதுங்காது.

டெரியர் இனங்களில் அதிகம் பார்க்கும் இன்னொரு ஆபத்து கண்ணில். லென்ஸ் இடம் நழுவும் பரம்பரை நோய், பெரும்பாலும் மூன்றிலிருந்து எட்டு வயதுக்குள் வரும். கண் திடீரென்று சிவந்தாலோ மங்கினாலோ நாய் கண்ணைச் சுருக்கினாலோ, சொட்டு மருந்து போட்டுப் பார்ப்போம் என்று காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே காட்டினால்தான் பார்வையைக் காப்பாற்ற வாய்ப்பு இருக்கும்.

சாப்பாட்டில் ஒரே கணக்கு: 7 கிலோ நாய்க்கு ஒரு கிலோ கூடுவது, 70 கிலோ மனிதருக்குப் பத்து கிலோ கூடுவது மாதிரி. டீயோடு போகும் பிஸ்கட்டை நிறுத்துங்கள். வெங்காயமும் சாக்லேட்டும் பாயசத்தில் கிடக்கும் திராட்சையும் அறவே கூடாது.

அந்தக் குடும்பம் ஆறு வாரம் கழித்துத் திரும்ப வந்தது. பாட்டி துடைப்பத்தை எடுத்ததும் இப்போது அவன் போய்ச் சாக்குமேல் உட்கார்ந்துகொள்கிறானாம், உட்கார்ந்தால் ஒரு துண்டு வேகவைத்த கோழி. “சைவ வீட்டுல கோழி வேகுது டாக்டரம்மா, எல்லாம் இவனால” என்று பாட்டிக்குக் குறை. எடை பார்த்தேன், 7 கிலோ 300. கோழியை இன்னும் பொடியாக நறுக்கச் சொல்லி அனுப்பினேன்.