சும்மா நிற்கப் பழகுங்கள்

பதினொரு வருடமாகப் புகைப்படம்தான் என் தொழில். கல்யாணம், காதுகுத்து, கடைகளுக்கான விளம்பரப் படம் என்று வீட்டு வாடகைக்காக எடுப்பது ஒரு பக்கம். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கேமராவைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போவது எனக்காக. என்னிடம் கற்றுக்கொள்ள வரும் பெண்களில் முக்கால்வாசிப் பேர் முதல் நாளே கேட்பது, "எங்கே போனா நல்ல படம் கிடைக்கும்?" காசி, லடாக் என்று ஒரு பட்டியலும் கையில் இருக்கும். உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு காய்கறிக் கடை இருக்குமே, அங்கே போய் ஒரு மணி நேரம் நில்லுங்கள் என்பேன்.

அந்த நிற்பதுதான் கஷ்டம். ஒரு ஆண் டீ கிளாஸோடு தெருமுனையில் அரை மணி நேரம் நின்றால் யாரும் கண்டுகொள்வதில்லை, பெண் நின்றால் "யாருக்கும்மா வெயிட் பண்றே?" என்று கேள்வி வந்துவிடும். நம் உடம்பும் அதற்கே பழகிவிட்டது: பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, விறுவிறுவென்று நடந்து போய்விடுகிறோம். மெதுவாக நடந்து, நின்று, எதிரே வருகிறவர் முகத்தைப் பார்த்தால்தானே படம் கிடைக்கும்?

ஹோமாய் வியாரவல்லாவை எல்லோருக்கும் நேருவின் படங்களை வைத்துத்தான் தெரியும். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர், 2011-ல் பத்ம விபூஷண் வாங்கியவர். எனக்குப் பிடித்தது அதற்கெல்லாம் முன்னால், பம்பாயில் தன்னோடு கலைப் பள்ளியில் படித்த பெண்களையும் நகரத்தின் அன்றாட வாழ்க்கையையும் அவர் எடுத்த படங்கள். அவற்றில் சில அவர் கணவர் பெயரில்தான் அச்சாகின. நியூயார்க்கில் ஹெலன் லெவிட், தெருவில் விளையாடும் பிள்ளைகளை எடுக்க, வேறு பக்கம் பார்ப்பதுபோல் நின்றபடியே பக்கவாட்டில் இருப்பதைக் காட்டுகிற ஒரு வ்யூஃபைண்டரை (கண்ணை வைத்துப் பார்க்கும் கண்ணாடியை) லைக்கா கேமராவில் மாட்டிக்கொண்டார். விவியன் மேயர் சிகாகோவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவர். அந்தப் பிள்ளைகளோடு நடக்கும்போதே எடுத்தவை உட்பட ஒரு லட்சத்துக்கும் மேல் நெகட்டிவ்கள் விட்டுச்சென்றார். வேலைக்கு நடுவே நடந்த தெருவே அவருக்குப் பல படங்களைக் கொடுத்தது.

மயிலாப்பூர் மாடவீதியில் ஒரு பூக்கார அம்மாவை நான்கு ஞாயிறு பார்த்தேன். முதல் வாரம் கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை, ரெண்டு முழம் வாங்கினேன், அவ்வளவுதான். இரண்டாம் வாரம் அவரே, "வெயில்ல ஏன் நிக்கிறே, இப்படி நிழல்ல வா" என்றார். நனைத்த வாழைநாரை விரலில் சுற்றி, மல்லிகை மொட்டை இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு வைத்து ஒரு இழு. என்னிடம் பேசிக்கொண்டே, கையைப் பார்க்காமலே கட்டுவார். நான்காம் வாரம் கல்லூரிப் பெண் ஒருத்தி வந்து, "உங்க கை சின்னதுக்கா, என் கையால அளங்க" என்று முழங்கையை நீட்ட, அவரும் தன் கையைப் பக்கத்தில் வைத்துக் காட்ட, இரண்டு கைக்கும் குறுக்கே பூச்சரம். 35 எம்எம் லென்ஸ், ஷட்டர் வேகம் நொடியில் 250-ல் ஒரு பங்கு, மூன்றே கிளிக். முதல் வாரமே கேமராவை நீட்டியிருந்தால் அவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டு விறைப்பாக உட்கார்ந்திருப்பார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நாமும் தப்பு செய்கிறோம். பெண் என்பதால் குழாயடியிலும் வீட்டு வாசலிலும் ரயிலின் மகளிர் பெட்டியிலும் நம்மைச் சுலபமாகச் சேர்த்துக்கொள்வார்கள். அந்த நம்பிக்கையில் எடுத்த படத்தைக் கேட்காமல் இன்ஸ்டாகிராமில் போட்டுவிடாதீர்கள். குளித்துத் தலை துவட்டுகிறவர், பால் கொடுக்கிறவர், நடைபாதையில் தூங்குகிறவர், இவர்களை நான் எடுப்பதே இல்லை. குழந்தை என்றால் அம்மாவிடம் கேட்காமல் கிடையாது. எடுத்ததைத் திரையில் காட்டுங்கள், வேண்டாம் என்றால் அவர் கண்முன்னாலேயே அழித்துவிடுங்கள்.

அப்புறம், பயம். அது இருக்கத்தான் செய்யும், அதற்காக வெட்கப்பட வேண்டாம். ஆரம்பத்தில் ஒருவன் மூன்று தெரு பின்னாலேயே வந்தான். நான் ஒரு டிபன் கடைக்குள் போய்க் கல்லாவில் இருந்த அம்மாவிடம் சத்தமாக விஷயத்தைச் சொன்னேன், ஆள் காணாமல் போனான். வேண்டாம் என்ற பிறகும் ஒரு பெண்ணைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்ந்து பேச முயல்வது, நம் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-வது பிரிவில் குற்றம். அவசர உதவிக்கான 112, பெண்களுக்கான உதவி எண் 181 இரண்டையும் போனில் பதிந்து வையுங்கள். முதல் சில வாரம் இரண்டு பேராகப் போங்கள், ஆனால் பேசிக்கொண்டே நடக்காதீர்கள், தெருவின் ஆளுக்கொரு பக்கம் நில்லுங்கள்.

ஐந்தாம் வாரம் அந்தப் படத்தை நாலுக்கு ஆறு பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பூக்கார அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். "கை நல்லாத்தான் இருக்கு. மூஞ்சி எங்கே?" என்றார். பூக்கூடையைத் தள்ளி வைத்தார், நான் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.