கண்ணாடியைக் கழற்றும் முன் கார்னியாவின் கணக்கு

அக்கா மகளுக்குத் தை மாதம் கல்யாணம் என்று முடிவானதும் அவள் முதலில் சொன்னது, "அதுக்குள்ள இந்தக் கண்ணாடிய எடுத்துடணும் மாமா." இரண்டு கண்ணிலும் மைனஸ் 5. லேசரால் பார்வையைச் சரிசெய்யும் லாசிக் சிகிச்சைக்காக, காரைக்குடியில் விடிகாலை பஸ் பிடித்து மதுரையில் ஒரு கண் மருத்துவமனைக்குப் போனோம். முந்தின நாள் ராத்திரி வரை கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தாள் என்று தெரிந்ததும், அளவே எடுக்காமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அவர்கள் செய்ததுதான் சரி. கருவிழிக்கு முன்னால் கண்ணாடி மாதிரி மூடியிருக்கும் படலம் கார்னியா. கண்ணுக்குள் வரும் ஒளியை வளைக்கும் வேலையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அதனுடையது. லென்ஸ் அதன் மேல் உட்கார்ந்து உட்கார்ந்து வடிவத்தைக் கொஞ்சம் மாற்றிவிடும். பழைய வடிவத்துக்குத் திரும்ப, மென்மையான லென்ஸ் என்றால் ஒன்றிரண்டு வாரம் ஆகும்; கடினமான லென்ஸுக்கு இன்னும் அதிகம். அதற்குள் அளந்தால் அளவு தப்பும்.

தப்பான அளவை வைத்துச் செதுக்கினால் திரும்பப் பெற வழியில்லை. லாசிக் சிகிச்சையில் முதலில் கார்னியாவின் மேல்பகுதியில் சுமார் 110 மைக்ரான் கனத்துக்கு ஒரு மெல்லிய மூடியை வெட்டித் திறக்கிறார்கள். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அப்புறம் உள்ளே தெரியும் திசுவை எக்ஸைமர் லேசர் செதுக்குகிறது. 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள இந்தப் புற ஊதாக் கதிர், திசுவைச் சுடாமல் மூலக்கூறுகளின் பிணைப்பையே அறுத்துவிடும். ஒரு துடிப்புக்குக் கால் மைக்ரான் அளவுதான் போகும். மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி ஸ்ரீனிவாசனும் ஐபிஎம் ஆய்வகத்தில் அவருடன் இருந்தவர்களும் 1981இல் விருந்தில் மிஞ்சிய வான்கோழியின் மேல் இந்த லேசரைச் செலுத்தினார்கள். வெட்டு சுத்தமாக விழுந்தது, ஓரம் கருகவில்லை. நம் ஊர்க்காரர் ஒருவரின் கை இதில் இருக்கிறது என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

இனி கணக்கு. ஆறரை மில்லிமீட்டர் அகலத்துக்குச் செதுக்கினால் ஒரு பவருக்குச் சுமார் 14 மைக்ரான் போகும். மைனஸ் 5க்கு 70. இரண்டாம் முறை போனபோது அவள் கார்னியாவின் கனம் 532 மைக்ரான். மூடிக்கு 110, செதுக்கலுக்கு 70 போக 352 மிச்சம். குறைந்தது 250 இருக்க வேண்டும் என்பது நெடுநாள் விதி. 300க்குக் கீழே போகத் தயங்கும் மருத்துவர்களும் உண்டு. 500 மைக்ரான் கனமும் மைனஸ் 9 பவரும் உள்ளவருக்கு இதே கணக்குப் போட்டால் 264தான் நிற்கும். நம் செட்டிநாட்டு வீட்டுச் சுவர்களில் முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசிய பூச்சைச் சுரண்டிவிட்டு அதே வழவழப்பைத் திரும்பக் கொண்டுவர முடியுமா? செதுக்கிய திசுவும் அப்படித்தான், மறுபடி வளராது. மெலிந்துபோன கார்னியா உள்ளழுத்தம் தாங்காமல் நாளடைவில் முன்னால் பிதுங்கலாம். கண்ணைக் கசக்கும் பழக்கம் உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். பவர் ஒரு வருடமாவது மாறாமல் இருக்க வேண்டும் என்பதும் முக்கியம்.

அவளுக்குக் கனம் பிரச்சினையில்லை, வறட்சிதான் பிரச்சினை. கீழ் இமைக்குள் ஒரு காகிதக் கீற்றைச் செருகி ஐந்து நிமிடம் வைத்தார்கள். 10 மில்லிமீட்டராவது நனைய வேண்டிய கீற்று 6 மில்லிமீட்டரோடு நின்றுவிட்டது. மூடியை வெட்டும்போது கண்ணீரைத் தூண்டும் நரம்புகளும் அறுபடும். அவை மீளப் பல மாதம் ஆகும். ஏற்கெனவே வறண்ட கண்ணோடு, நம் பக்கத்து வெயிலிலும் செம்மண் புழுதியிலும் வண்டி ஓட்டுவது பெரும் வேதனை.

கல்யாணத்துக்கு முன் வேண்டாம் என்று நானே அவளிடம் சொன்னேன். செய்துகொண்ட புதிதில் கண் மை கூடாது, கண்ணைத் தேய்க்கக் கூடாது, ஊருணியில் முங்கிக் குளிக்கக் கூடாது. ஓமப் புகைக்கு எதிரே மணிக்கணக்கில் உட்காரும் பெண்ணுக்கு இதெல்லாம் நடக்கிற காரியமா? கண்ணாடியோடுதான் மாலை மாற்றினாள். வறட்சிக்குச் சொட்டு மருந்து போட்டுச் சரியானதும், ஆவணியில் செய்துகொண்டாள். ராத்திரியில் எதிரே வரும் வண்டி விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது என்று முதல் சில வாரம் சொன்னாள், இப்போது இல்லை.

நாற்பது தாண்டியதும் வரும் வெள்ளெழுத்தை இந்தச் சிகிச்சை தடுக்காது. கண்புரையும் எல்லாரையும் போல வரலாம். அப்போது புரையை எடுத்துவிட்டு உள்ளே வைக்கும் லென்ஸின் பவரை, செதுக்கிய கார்னியாவில் கணிப்பது கடினம்; செதுக்கும் முன் எடுத்த அளவுகள் கையில் இருந்தால் மருத்துவருக்குப் பெரிய உதவி. அவளுடைய பழைய அளவுத் தாள்களை அக்கா ஒரு மஞ்சள் பையில் போட்டு, ஆயாவின் இரும்புப் பெட்டிக்குள் நகைச் சீட்டுகளோடு வைத்திருக்கிறாள்.