குரூசிபிள்: ஸ்னூக்கர் அரங்கின் பெயரும் அதன் தமிழும்

குரூசிபிள்: பெயர்ச்சொல். உலோகத்தை இட்டு உருக்கும், கடும் வெப்பம் தாங்கும் கலம். தமிழில் மூசை, குகை, புடக்குகை.

கோலால் பந்துகளை மேசைக் குழிகளில் தள்ளும் ஸ்னூக்கர் ஆட்டத்தின் ரசிகர்களுக்கு இந்தச் சொல் முதலில் ஓர் அரங்கத்தின் பெயர். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் 1971-ல் திறக்கப்பட்ட குரூசிபிள் நாடக அரங்கில்தான் 1977 முதல் உலக ஸ்னூக்கர் சாம்பியன்ஷிப் நடந்துவருகிறது. அங்கே ஒரு நாடகம் பார்த்துவிட்டு வந்த கரோல் என்ற பெண்மணி, இந்த இடம் ஸ்னூக்கருக்குப் பொருந்தும் என்று தன் கணவரிடம் சொன்னார். அந்தக் கணவர்தான் போட்டி அமைப்பாளர் மைக் வாட்டர்சன். நம் செய்தித்தாள்களில் இந்தப் பெயர் விளக்கம் இல்லாமலே வந்துபோகிறது. பொருள் தெரிந்துவிட்டால், அந்த மேசையருகே ஆட்டக்காரர்கள் படும் பாடும் கூடவே விளங்கிவிடும்.

இடைக்கால இலத்தீனில் 'குரூசிபுலும்' என்ற சொல் இரவு விளக்கையும் குறித்தது, உருக்கும் கலத்தையும் குறித்தது. சிலுவையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லோடு இதை முடிச்சுப் போடுவோர் உண்டு. அந்த உறவு உறுதிப்படவில்லை. ஆங்கிலத்தில் கலம் என்ற பொருளோடு, ஒருவரைக் காய்ச்சி எடுக்கும் கடும் சோதனை என்ற பொருளும் பின்னர் சேர்ந்துகொண்டது.

அரங்கத்துக்கு இந்தப் பெயர் வந்தது ஷெஃபீல்டின் எஃகுத் தொழிலால். கடிகாரம் செய்துவந்த பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன், சுருள்வில்லுக்கு நல்ல எஃகு கிடைக்காமல், 1740-களில் ஷெஃபீல்டை ஒட்டிய ஹேண்ட்ஸ்வொர்த்தில் மண் மூசைகளில் எஃகை முழுவதுமாக உருக்கி வார்க்கும் முறையைக் கண்டார். அந்த மூசைகளுக்கான களிமண்ணைத் தொழிலாளர்கள் வெறுங்காலால் மணிக்கணக்கில் மிதித்துப் பிசைந்தார்கள். உள்ளே காற்றுக்குமிழி தங்கினால் உலையில் கலம் வெடித்து, எஃகு முழுவதும் வீணாகும். இவ்வளவு பாடுபட்டுச் செய்த கலம் இரண்டு மூன்று உருக்குதலுக்கு மேல் தாங்காது.

தமிழுக்கு இந்தக் கலம் புதிதல்ல. மூசை என்பது வடமொழி 'மூஷா'விலிருந்து வந்தது. குகை என்ற சொல் மலைக்குகையை மட்டுமன்றி உருக்குகலத்தையும் குறிக்கும். பொன் வேலையிலும் சித்த மருத்துவத்திலும் புழங்கிய சொல் அது. இரும்பை மூசையில் அடைத்து உயர்தர எஃகு செய்யும் தொழில் தென்னிந்தியாவில் நெடுங்காலம் நடந்தது. கொடுமணலிலும் மேல்சிறுவலூரிலும் ஆய்வாளர்கள் அதன் தடயங்களைக் கண்டிருக்கிறார்கள். ஐரோப்பியர் 'வூட்ஸ்' என்று அழைத்தது இந்த எஃகைத்தான். பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை நிறுவிய ஜோசியா மார்ஷல் ஹீத், இரும்பை ஆவாரங்கட்டையோடும் எருக்கிலையோடும் மூசையில் வைத்து மூடும் உள்ளூர் முறையை எழுதிவைத்தார். பிறகு இங்கிலாந்து திரும்பி, வார்ப்பு எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-ல் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டின் மூசை எஃகுத் தொழிலுக்கு அது பெரும் லாபம் தந்தது. ஆகவே மூசை என்று நாம் எழுதும்போது எங்கோ இருக்கும் ஒரு பொருளுக்கு அகராதியைப் புரட்டிப் பெயர் தேடவில்லை.

இனி அந்த மேசைக்கு வருவோம். அரங்கில் ஆயிரத்துக்கும் சற்றுக் குறைவான இருக்கைகளே உண்டு. மூன்று பக்கமும் பார்வையாளர்கள் மேசையை நெருக்கி அமர்ந்திருக்கிறார்கள். அரையிறுதிக்கு முன்புவரை தடுப்புக்கு இருபுறமும் இரண்டு மேசைகள். அடுத்த மேசைக்கு எழும் கைதட்டல் இந்த மேசையில் குனிந்திருப்பவரின் காதிலும் விழும். போட்டி 17 நாள் நீள்கிறது. இறுதி ஆட்டம் இரண்டு நாள், நான்கு அமர்வு. பந்துகளை அடுக்கித் தொடங்கும் ஒவ்வொரு தனி ஆட்டமும் ஒரு ஃபிரேம். 18 ஃபிரேம்களை முதலில் வெல்பவருக்கே பட்டம்.

இத்தனையிலும் கொடுமையானது நாற்காலி. டென்னிஸில் எதிராளி அடித்த பந்தை ஓடிப்போய்த் திருப்பலாம். ஸ்னூக்கரில் எதிராளி பந்துகளைக் குழியில் போட்டுக்கொண்டே இருந்தால், நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. 1992 இறுதியில் ஜிம்மி ஒயிட் 14-8 என்று முன்னணியில் இருந்தார். அதன்பின் ஸ்டீபன் ஹென்ட்ரி தொடர்ந்து 10 ஃபிரேம்களை வென்று 18-14 என்று முடித்தார். 1994-ல் இருவரும் 17-17 என்று சமநிலைக்கு வந்தார்கள். கடைசி ஃபிரேமில் ஒயிட் நன்றாகப் புள்ளி சேர்த்துக்கொண்டிருந்தபோது, வழக்கமாகக் கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடிய ஒரு கறுப்புப் பந்தைத் தவறவிட்டார். ஹென்ட்ரி எழுந்து வந்து 58 புள்ளி அடித்துப் பட்டத்தை எடுத்துச் சென்றார். ஒயிட் ஆறு முறை இறுதிக்கு வந்தவர், ஒருமுறைகூட வென்றதில்லை.

எளிய பந்து ஏன் தவறுகிறது? பதற்றம் முதலில் கியூ என்ற கோலைப் பிடிக்கும் கையில் தெரியும். கியூவின் பின்புறத்தைத் தளர்வாகப் பற்றியிருக்கவேண்டிய விரல்கள் இறுகுகின்றன. கோல் வழுக்கிக்கொண்டு போகாமல் வெடுக்கென்று குத்துகிறது. பந்து குழிக்குள் போகிறதா என்று பார்க்கும் அவசரத்தில் தலை முன்கூட்டியே நிமிர்கிறது. குழியின் வாயில் இருக்கும் இடைவெளியோ மிகச் சிறியது. இதனால்தான் தேர்ந்த ஆட்டக்காரர்கள் ஒவ்வொரு அடிக்கும் ஒரே ஒழுங்கைக் கைவிடுவதில்லை: பின்னால் நின்று கோட்டைப் பார்ப்பது, அதே காலை முன்வைத்துக் குனிவது, கோலை முன்னும் பின்னும் சில முறை அசைப்பது, கடைசியாகப் பின்னிழுத்து ஒரு கணம் நிறுத்துவது. கோப்பை எதிரே இருக்கும்போதும் முதல் சுற்றில் செய்ததையே கை செய்தால், மனம் குறுக்கிட இடம் குறைகிறது. சாக்கட்டியைக் கோல்முனையில் தேய்ப்பதும் மூச்சைச் சீராக்கிக்கொள்ளக் கிடைக்கும் நேரம்தான்.

1985 இறுதியில் உலகின் முதல்நிலை ஆட்டக்காரரான ஸ்டீவ் டேவிஸ் 8-0 என்று தொடங்கினார். எதிராளி டெனிஸ் டெய்லர் பின்தொடர்ந்து வந்து 17-17 ஆக்கினார். கடைசி ஃபிரேம் மட்டும் 68 நிமிடம் நீண்டது. நான்கு பந்துகள் மிஞ்சியிருக்க டெய்லர் 44-62 என்று பின்தங்கியிருந்தார். பழுப்பு, நீலம், இளஞ்சிவப்பு மூன்றையும் போட்டதும் கணக்கு 59-62. மிச்சமிருந்தது 7 புள்ளி மதிப்புள்ள கறுப்பு மட்டும். இருவரும் அதை மாறி மாறி முயன்று தவறவிட்டார்கள். டேவிஸுக்கு, பந்தின் ஓரத்தை மட்டும் தொட்டு அனுப்பும் மெல்லிய வெட்டாக ஒரு வாய்ப்பு வந்தது. அளவுக்கு மீறி மெலிதாக வெட்டிவிட்டார். டெய்லர் அதைப் போட்டுவிட்டு, கியூவைத் தலைக்கு மேல் இரு கைகளாலும் தூக்கிக்காட்டினார். நள்ளிரவு தாண்டியும் பிரிட்டனில் 1 கோடியே 85 லட்சம் பேர் தொலைக்காட்சியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் முழுவதிலும் டெய்லர் முன்னணிக்கு வந்தது அந்த ஒரே அடியில். எனக்கு இதைவிட மதிப்பாகத் தோன்றுவது டேவிஸின் பிற்பாடு. மறு ஆண்டு இறுதியிலும் ஜோ ஜான்சனிடம் தோற்றார். அதற்குப் பிறகு 1987, 1988, 1989 என்று தொடர்ந்து மூன்று பட்டங்களை வென்றார்.

வெப்பத்தைத் தாங்குவது ஒரு வழி. அதை எதிராளி பக்கம் திருப்பிவிடுவது இன்னொன்று. 2014 இறுதியில் ரோனி ஓ'சலிவனிடம் 5-10 என்று பின்தங்கிய மார்க் செல்பி, தற்காப்பு அடிகளால் ஆட்டத்தை நிதானத்துக்கு இழுத்து, ஓ'சலிவனின் வேகத்தை முறித்து, 18-14 என்று வென்றார். அந்த ஓ'சலிவனே வெப்பத்தைத் தாங்க மனநல மருத்துவர் ஸ்டீவ் பீட்டர்ஸின் துணையை 2011-ல் வெளிப்படையாக நாடியவர். உணர்ச்சி எழுப்பும் எண்ணத்தையும் நிதானத்தில் எழும் எண்ணத்தையும் பிரித்தறியும் பயிற்சி அது. அடுத்த இரண்டு ஆண்டும் பட்டம் அவருக்கே. உதவி கேட்பது பலவீனம் என்று நினைக்கும் விளையாட்டுலகில் அவர் செய்தது பெரிய காரியம்.

'குரூசிபிள் சாபம்' என்ற தொடரும் இங்கிருந்து வந்ததுதான். இந்த அரங்கில் முதன்முறை பட்டம் வென்றவர் எவரும் மறு ஆண்டு அதைத் தக்கவைத்ததில்லை என்பது 1977 முதல் 2025 வரையிலான வரலாறு. 1981-ல் வென்ற டேவிஸ் 1982 முதல் சுற்றில் டோனி நோல்ஸிடம் 1-10 என்று தோற்றார். ஜோ ஜான்சனும் கென் டொஹர்ட்டியும் மட்டுமே மறு ஆண்டு இறுதிவரை வந்தார்கள். மந்திரமாயம் ஏதும் தேவையில்லை: போட்டியின் முதல் நாள் முதல் ஆட்டத்தில் நடப்புச் சாம்பியனை இறக்குவது அங்கே வழக்கம். எதிரே இருப்பவருக்கோ இழக்க எதுவுமில்லை.

எழுதும்போது அரங்கின் பெயரைக் குரூசிபிள் என்றே வைத்துக்கொள்ளலாம். இடப்பெயரை மொழிபெயர்த்தால் வாசகர் தடுமாறுவார். கலத்தைக் குறிக்கும் இடத்தில் மூசை என்று எழுதுவது நல்லது. குகை என்றால் இன்று மலைதான் நினைவுக்கு வரும். கடும் சோதனை என்ற உருவகப் பொருளில் 'மூசையில் நின்றார்' என்று எழுதினால் ஒட்டாது. 'புடம்போடப்பட்டார்', 'அக்கினிப் பரீட்சை' என்பவை தமிழில் ஏற்கெனவே வாழும் வழக்குகள். 'இரண்டு தோல்விகள் டேவிஸைப் புடம்போட்டன' என்று எழுதினால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.