கூடைப்பந்துப் பயிற்சி எவ்வளவு கடினமாக இருக்க வேண்டும்?

ஒரே இடத்தில் நின்று தொடர்ந்து ஐம்பது முறை பந்தைக் கூடையை நோக்கி எறியும் வீரருக்குக் கடைசிப் பத்து எறிதல்களில் பெரும்பாலானவை உள்ளே விழுவது வழக்கம். அந்த முன்னேற்றத்தின் ஒரு பகுதி தற்காலிகமானது. சற்று முன் எறிந்தபோது கை செலுத்திய விசை நினைவில் இருப்பதால், அதைச் சிறிது கூட்டியோ குறைத்தோ எறிந்தால் போதும். ஆட்டத்தில் அந்த வசதி கிடையாது. தூரம், கோணம், எதிரே உயரும் கை, கால்களின் களைப்பு ஆகிய அனைத்தையும் கணக்கில் எடுத்து, ஒவ்வொரு ஷாட்டையும் மூளை புதிதாக வகுக்க வேண்டியிருக்கிறது.

இந்த வேறுபாட்டை 1979ஆம் ஆண்டில் ஜான் ஷே, ராபின் மார்கன் ஆகிய இரு ஆய்வாளர்களும் ஓர் எளிய சோதனையில் காட்டினர். மூன்று வகைக் கையசைவுகளை ஒரு குழு ஒன்றை முடித்த பிறகே மற்றொன்று என்ற முறையிலும், இன்னொரு குழு மாற்றி மாற்றிக் கலந்தும் பழகியது. பயிற்சியின்போது கலந்து பழகியவர்களே மெதுவாகச் செய்தனர். ஆனால் பத்து நாட்கள் கழித்துச் சோதித்தபோது அவர்களே முந்தினர். ஓர் அசைவை விட்டு வேறொன்றுக்குச் சென்று திரும்பும்போது முந்தைய திட்டம் மறந்துபோவதால் அதை மீண்டும் உருவாக்க நேர்கிறது என்பதும், அந்த உழைப்பே நினைவை வலுப்படுத்துகிறது என்பதும் இதற்குத் தரப்படும் விளக்கங்களுள் ஒன்று. இதில் பயிற்சியாளர்கள் அவசியம் அறிய வேண்டிய செய்தி இன்னொன்றும் உண்டு: சைமன், பியோர்க் ஆகியோர் 2001இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்து பழகியவர்கள் தங்களுக்கு எவ்வளவு நினைவிருக்கும் என்பதை மிகையாக மதிப்பிட்டனர். எனவே பயிற்சி சுலபமாக நடந்தது என்ற உணர்வை நம்பி டிரில்லை, அதாவது திட்டமிட்டுத் திரும்பச் செய்யும் பயிற்சியை, வடிவமைக்கக் கூடாது.

ஐந்து இடங்களைக் குறித்துக்கொண்டு, எந்த இடத்திலிருந்தும் அடுத்தடுத்து இருமுறை எறியக் கூடாது என்று விதிப்பது நல்ல தொடக்கம். எனினும் இடத்தை மாற்றுவது பாதி வேலைதான். மீதிப் பாதி, கண்டு முடிவெடுப்பது. தரையில் வைத்த கூம்புகளைச் சுற்றி டிரிபிள் செய்யும் (பந்தைத் தரையில் தட்டியபடி நகரும்) பயிற்சி கைக்குப் பழக்கம் தருமே தவிர, கூம்பு நகர்வதில்லை என்பதால் எதிராளியின் அசைவைப் படிக்கக் கண்ணுக்குக் கற்றுத் தராது. அதற்குப் பதிலாகக் கூடைக்கு அடியிலிருந்து ஒரு தடுப்பாட்டக்காரரை ஓடி வரச் செய்யலாம். அவர் சில முறை வேகமாக நெருங்கிக் கையை உயர்த்த வேண்டும், சில முறை தாமதிக்க வேண்டும். பந்தை வாங்குபவர் அதைப் பார்த்த பிறகே ஷாட்டா, உட்புகுவதா, பாஸா என்று தீர்மானிக்கிறார். ஆட்டத்தில் பிழைகள் பெரும்பாலும் பிறப்பது இந்தத் தீர்மானத்தில்தான் என்பது என் கருத்து. ஆகவே பயிற்சி நேரத்தின் பெரும்பங்கும் இதற்கே உரியது.

ஆட்ட விதிகளையே இறுக்கியும் கடினத்தைக் கூட்டலாம். தாக்குதலுக்கு உரிய 24 வினாடிகளை எட்டாகக் குறைப்பது, டிரிபிளைத் தடை செய்வது, தாக்கும் மூவருக்கு எதிராகத் தடுப்பவர் இருவரை நிறுத்தி மூன்றாவது தடுப்பாட்டக்காரரைப் பின்னாலிருந்து துரத்த விடுவது ஆகியவை அத்தகையவை. ஐவர் ஆட்டத்தை விட மூவர் ஆட்டத்தில் ஒவ்வொருவர் கைக்கும் பந்து அதிக முறை வரும்.

கடினத்துக்கும் எல்லை உண்டு. குவாடக்னோலி, லீ ஆகியோர் 2004இல் முன்வைத்த கோட்பாட்டின்படி, கற்றலுக்கு உகந்த சவாலின் அளவு வீரரின் திறனைப் பொறுத்து மாறும். பந்தைப் பிடிக்கும் முறையே கைவராத புதியவருக்கு ஒரே இடத்துப் பயிற்சிதான் பொருந்தும். ஏறக்குறைய எல்லா முயற்சியும் தவறினால், எதைத் திருத்துவது என்பதே அவருக்குத் தெரியாது. அப்போது தடுப்பாட்டக்காரரை ஓரடி தள்ளித் தொடங்கச் செய்தால் போதும், டிரில்லையே கைவிட வேண்டியதில்லை.

எதிரணியின் தவறுக்காகத் தடுப்பவர் இல்லாமல் எறியக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோ மட்டும் தனி வகை. பலகையிலிருந்து சுமார் 4.6 மீட்டர் தொலைவிலுள்ள அந்தக் கோட்டிலிருந்து, அனுபவமுள்ள வீரர்கள் அருகிலும் தொலைவிலும் பெறும் வெற்றியை வைத்துக் கணிக்கக்கூடியதை விடச் சிறப்பாக எறிகிறார்கள் என்று 2005இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. குதித்து எறியும்போது அந்தக் கூடுதல் திறன் வெளிப்படவில்லை. பல்லாயிரம் முறை செய்த ஒரே செயல் தனக்கென ஒரு திறனை உருவாக்குகிறது என்பதால், இதில் திரும்பச் செய்வதற்கு மதிப்புண்டு. ஆயினும் ஆட்டத்தில் அது ஓட்டத்துக்கு இடையே ஒன்றிரண்டாகவே வருகிறது. ஆகையால் ஒவ்வொரு டிரில் முடிவிலும் மூச்சிரைக்கும்போதே இரண்டு எறியச் சொல்வது பொருத்தமானது.

டிரில் பயன் தந்ததா என்பதை அன்றைய கடைசிப் பத்து ஷாட்டுகளை வைத்து அளக்க முடியாது. அடுத்த பயிற்சி நாளில், உடலைச் சூடேற்றியதும் வெவ்வேறு இடங்களிலிருந்து எறியும் முதல் பத்து ஷாட்டுகளைக் குறித்து, வாரந்தோறும் ஒப்பிட்டு வந்தால், வீரரிடம் தங்கிய திறன் எவ்வளவு என்பது தெரியும். அதற்கேற்பவே அடுத்த டிரில்லின் கடினத்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும்.